முனையத் திரையில் தமிழ் எழுத்தின் அலகு: தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்ப்பெயர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினி இயங்குதளங்களில் மிகப் பழைய இடைமுகங்களுள் ஒன்று முனையம் ஆகும். திரையைச் சம அகலமுள்ள கட்டங்களாகப் பகுத்து, கட்டத்திற்கு ஓர் எழுத்து என்னும் கணக்கில் அது இயங்குகிறது. ஆங்கில நெடுங்கணக்கை அடிப்படையாகக் கொண்டு உருவான இக்கணக்கு, உயிர்மெய்யெழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தேனி மாவட்டத்தின் ஒன்பது ஊர்ப்பெயர்கள் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எழுத்தெண்ணிக்கை, ஒருங்குறிக் குறியெண் எண்ணிக்கை, பைட்டு எண்ணிக்கை, கட்ட எண்ணிக்கை ஆகிய நான்கும் கணக்கிடப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. இகரக் குறிலுக்கு இரண்டு கட்டமும் ஈகார நெடிலுக்கு ஒரு கட்டமும் தரும் முரண் சுட்டப்படுகிறது. அம்முரணால் பதிவுகளில் நேரும் பிழை விளக்கப்படுகிறது. முனையத்தைத் தமிழுக்கு அமைவு செய்யும் முறையும் வகுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முனையம், கட்டம், ஒருங்குறி, உயிர்மெய், குறில், நெடில், ஊர்ப்பெயர், லினக்ஸ்.

1. முன்னுரை

தமிழ்க் கணிமை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, சொற்பிழை திருத்தி, இயந்திர மொழிபெயர்ப்பு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. முனையம் பற்றிய ஆய்வு தமிழில் அரிதாகவே காணப்படுகிறது. பொதுப் பயனர் கண்ணில் படாத கருவியாக அது இருப்பதே இதற்குக் காரணம் எனலாம். எனினும் வழங்கிக் கணினிகளை நிருவகிப்போர், தரவுத்தளங்களைப் பேணுவோர், நிரலாக்கம் பயிலும் மாணவர் ஆகியோர் நாள்தோறும் முனையத்தின் வழியாகவே கணினியோடு உரையாடுகின்றனர். ஓர் ஊரின் பெயரோ ஒருவரின் பெயரோ அங்குச் சிதைந்தால், அச்சிதைவு பதிவேட்டிலும் அச்சிலும் தொடரும்.

கம்பம் பள்ளத்தாக்கிற்கு இச்சிக்கல் தொலைவானதன்று. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை, இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலமாக நடைபெறுகிறது. வேளாண்மையும் வணிகமும் கணினித் திரையோடு இணைந்துவிட்டதற்கு இது சான்றாகும். தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் வழங்கப்பெற்ற கணினிகளில், விண்டோசுடன் சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. ஆகவே, அரசுப் பள்ளி மாணவரின் மேசை வரை முனையம் வந்து சேர்ந்துள்ளது. அம்மாணவர் தம் ஊரின் பெயரை அதில் தட்டச்சிட்டால் நிகழ்வது என்ன என்னும் எளிய வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாயாகும்.

முனையத்தின் குறைபாடு எழுத்துருவின் குறைபாடு அன்று. எழுத்து என்னும் அலகைக் கணினி எவ்வாறு எண்ணுகிறது என்பதில் உள்ள குறைபாடே என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

2. முனையம்: தோற்றமும் இயல்பும்

தொடக்கக் காலக் கணினிகளில் முனையம் என்பது தனிக் கருவியாக இருந்தது. 1963இல் வெளிவந்த டெலிடைப் மாடல் 33, தட்டச்சுப்பொறியும் தொலைவரிக் கருவியும் இணைந்த வடிவம் ஆகும். யுனிக்ஸ் இயங்குதளம் தன் உள்ளீட்டு வெளியீட்டுக் கருவிகளை இன்றளவும் 'டிடிஒய்' என்று அழைப்பது அக்கருவியின் பெயர்ச்சுருக்கத்தாலேயே. பின்னர்க் காகிதத்தின் இடத்தைக் கண்ணாடித் திரை பெற்றது. டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையம், வரிக்கு 80 கட்டங்களும் திரைக்கு 24 வரிகளும் கொண்டிருந்தது. இன்று முனையம் கருவியாக இல்லாமல் மென்பொருளாக மாறிவிட்டபோதிலும், விடி100இன் கட்டளை மரபையே அது பின்பற்றுகிறது.

பல நிறுவனங்கள் பல வகை முனையங்களை உருவாக்கியபோது, அவற்றின் இயல்புகளை இயங்குதளத்திற்கு அறிவிக்கும் தேவை எழுந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கிய 'டெர்ம்கேப்', அதன் வழிவந்த 'டெர்ம்இன்ஃபோ' ஆகிய தரவுத்தொகுப்புகள் இத்தேவையை நிறைவேற்றின. திரையில் எத்தனை நிரல்கள், எத்தனை வரிகள், இடங்காட்டியை நகர்த்தும் கட்டளை யாது, திரையைத் துடைக்கும் கட்டளை யாது என்பன போன்ற செய்திகளை அவை கொண்டுள்ளன. 'டெர்ம்' என்னும் சூழல் மாறியில் முனையத்தின் பெயரைக் குறித்தால், நிரல்கள் அப்பெயருக்குரிய பதிவைப் படித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இத்தரவுத்தொகுப்புகள் திரையின் அளவையும் கட்டளைகளையும் கூறுகின்றனவே ஒழிய, திரையில் எழுதப்படும் மொழியின் எழுத்தியல்பைக் கூறுவதில்லை. ஓர் எழுத்திற்கு எத்தனை கட்டம் என்னும் வினா அவற்றில் இடம்பெறவில்லை. விடி100 உருவான காலத்தில் அவ்வினாவிற்குத் தேவையும் இல்லை. ஓர் எழுத்து ஒரு பைட்டு, ஒரு பைட்டு ஒரு கட்டம் என்பதே அன்றைய நிலை. எழுத்து, குறியெண், பைட்டு, கட்டம் ஆகிய நான்கும் ஒன்றாகவே இருந்தன. தமிழ் அந்நான்கையும் தனித்தனியாகப் பிரிக்கிறது.

3. தமிழ் எழுத்தும் குறியேற்றமும்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் மெய்க்கு அரை மாத்திரையும் தொல்காப்பியம் வகுக்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பதும் அந்நூலின் கொள்கை. உயிர்மெய் இரண்டு ஒலிகளின் கூட்டாயினும் எழுத்து என்ற நிலையில் ஒன்றே. செய்யுளில் எழுத்தெண்ணும்போதும் பள்ளியில் சொல்லைப் பிரித்தெழுதும்போதும் 'தே' என்பது ஓரெழுத்தாகவே கொள்ளப்படுகிறது.

கணினிக் குறியேற்றங்கள் இவ்வெழுத்துகளை இரு வழிகளில் அணுகின. முதலாவது, உருவ வழி. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டையொட்டி வகுக்கப்பெற்ற டாம், டாப் குறியேற்றங்களும், அவற்றுக்கு முன்பே இணையத்தில் வழக்கிலிருந்த டிஸ்கியும் எட்டு பிட்டுக் குறியேற்றங்கள். எழுத்தின் வடிவக் கூறுகளுக்கு அவை எண் வழங்கின. 'தே' என எழுத, முதலில் கொம்பும் அடுத்துத் தகரமும் கண்ணிற்படும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. இரண்டாவது, ஒலி வழி. இந்தியத் தர நிறுவனத்தின் இஸ்கி, அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவிய ஒருங்குறி ஆகியவை மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் சேமிக்கின்றன. மெய் முன்னும் உயிர் பின்னும் என்னும் தொல்காப்பிய முறையோடு இவ்வரிசை ஒத்துச் செல்கிறது.

முனையத்தைப் பொறுத்தவரை இவ்விரு வழிகளும் எதிர்பாராத விளைவைத் தந்தன. உருவ வழிக் குறியேற்றத்தில் எண்ணுக்கு ஓர் உருவம் இருந்ததால், எழுத்துருவை மாற்றினாலே பழைய முனையங்கள் தமிழை ஓரளவு காட்டிவிடும். தேடுதல், அகரவரிசைப்படுத்தல் ஆகியவற்றில்தான் அவை இடர்ப்பட்டன. ஒருங்குறியில் தேடுதலும் வரிசைப்படுத்தலும் எளிதாயின. ஆனால், பின்னால் வரும் கொம்பை முன்னால் கொண்டுசென்று வரைய வேண்டிய பொறுப்பு முனையத்தின் மேல் விழுந்தது.

இப்பொறுப்பை முனையமே ஏற்க வேண்டும் என்பதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிச் சிடாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், இஸ்கி வடிவில் வரும் இந்திய மொழி எழுத்துகளை வன்பொருள் நிலையிலேயே உருவாக்கிக் காட்டியது. நிரல் எழுத்தை அனுப்பும். வடிவமைக்கும் பணியைக் காட்சிக் கருவி செய்யும் என்பது அதன் அடிப்படை. இன்றைய மென்பொருள் முனையங்களுக்கும் இவ்வடிப்படை பொருந்தும்.

அரசு நிலையில் 2010இல் ஒருங்குறியும், எழுத்துக்கு ஒரு குறியெண் வழங்கும் டேஸ்16 குறியேற்றமும் தமிழ்நாட்டின் தரங்களாக ஏற்கப்பட்டன. எழுத்துக்கு ஓர் எண் என்னும் டேஸ்16இன் கொள்கை முனையத்தின் கட்டக் கணக்கிற்கு மிக அணுக்கமானது. ஆயினும் உலகளாவிய இயங்குதளங்கள் ஒருங்குறியையே கையாளுவதால், ஒருங்குறிக்குள்ளேயே தீர்வு காண வேண்டியுள்ளது.

4. ஊர்ப்பெயர்களின் கணக்கீடு

ஒருங்குறியில் தமிழுக்குப் பதின்ம எண் 2944 முதல் 3071 வரையிலான இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யூடிஎஃப்-8 வடிவில் இவ்விடத்தின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டு பெறும். குறியெண்ணுக்குரிய கட்ட எண்ணிக்கையை இயங்குதளத்தின் சி மொழி நூலகத்திலுள்ள 'டபிள்யூசிவிட்த்' என்னும் செயற்கூறு அறிவிக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் குன் எழுதிப் பரவலாக எடுத்தாளப்பெற்ற அட்டவணை, ஒருங்குறியில் 'இடம்பெறாக் குறி' என வகைப்படுத்தப்பட்டவற்றுக்குச் சுழியமும், 'இடம்பெறு குறி' என வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு ஒன்றும் தருகிறது. குனூ சி நூலகத்தின் முறையும் இதுவே. இவ்விதிப்படி தேனி மாவட்டத்தின் ஐந்து வட்டத் தலைமையிடங்களும் வேறு நான்கு ஊர்களும் கீழே கணக்கிடப்பட்டுள்ளன.

அட்டவணை 1: ஊர்ப்பெயர்களின் நான்கு அளவுகள்

| ஊர் | எழுத்து | குறியெண் | பைட்டு | கட்டம் |
|---|---|---|---|---|
| தேனி | 2 | 4 | 12 | 4 |
| பெரியகுளம் | 6 | 10 | 30 | 9 |
| ஆண்டிபட்டி | 6 | 10 | 30 | 8 |
| உத்தமபாளையம் | 8 | 12 | 36 | 10 |
| போடிநாயக்கனூர் | 8 | 14 | 42 | 12 |
| கம்பம் | 4 | 6 | 18 | 4 |
| சின்னமனூர் | 6 | 10 | 30 | 8 |
| கூடலூர் | 4 | 7 | 21 | 6 |
| வீரபாண்டி | 5 | 9 | 27 | 7 |
| மொத்தம் | 49 | 82 | 246 | 68 |

ஒன்பது பெயர்களுள் எழுத்தெண்ணிக்கையும் கட்ட எண்ணிக்கையும் ஒத்திருப்பது கம்பம் ஒன்றில் மட்டுமே. அச்சொல்லில் அகர உயிர்மெய்யும் புள்ளி பெற்ற மெய்யும் தவிர வேறெழுத்து இல்லை; உயிர்க்குறி எதுவும் இல்லாமையே ஒப்புக்குக் காரணம். இரண்டே எழுத்துள்ள தேனியும் நான்கெழுத்துள்ள கம்பமும் திரையில் சமமாக நான்கு கட்டங்களைப் பெறுவது, கட்டக் கணக்கு எழுத்தைத் தழுவியதன்று என்பதைக் காட்டுகிறது.

5. குறில் நெடில் முரண்

அட்டவணையில் தனித்து நோக்கத்தக்க பெயர் வீரபாண்டி. முல்லைப்பெரியாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயிலால் அறியப்பெற்ற இவ்வூரின் பெயர், ஈகார உயிர்மெய்யில் தொடங்கி இகர உயிர்மெய்யில் முடிகிறது. இகரக் குறி (3007) ஒருங்குறியில் இடம்பெறு குறியாகவும், ஈகாரக் குறி (3008) இடம்பெறாக் குறியாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. அதன் விளைவாக முதலெழுத்தாகிய 'வீ' ஒரு கட்டமும், இறுதியெழுத்தாகிய 'டி' இரண்டு கட்டமும் பெறுகின்றன. இரண்டு மாத்திரை பெறும் நெடில் ஒரு கட்டத்திலும் ஒரு மாத்திரை பெறும் குறில் இரண்டு கட்டத்திலும் அமைவது தமிழ் எழுத்தியலுக்கு முற்றிலும் அயலான ஏற்பாடாகும். உகர, ஊகாரக் குறிகள் இரண்டும் ஒரே வகையில் வைக்கப்பட்டிருப்பதால் அவ்விணையில் இம்முரண் இல்லை.

ஒலியளவும் வடிவளவும் ஒத்துச் செல்ல வேண்டும் என்பது இதன் பொருளன்று. மாத்திரை செவிக்குரியது, கட்டம் கண்ணுக்குரியது. ஆயின், வடிவத்தை மட்டும் நோக்கினும் 'வி', 'வீ' ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலமுடையவை. தமிழ்த் தட்டச்சுப்பொறி இதனை அறிந்திருந்தது. ஆர். முத்தையா வடிவமைத்த விசைப்பலகை மரபில் புள்ளி, இகர விலங்கு, ஈகார விலங்கு ஆகிய மூன்றும் உருளையை நகர்த்தாத விசைகளாகவே அமைந்தன. கொம்பும் காலும் தத்தமக்கெனத் தனி இடம் பெற்றன. குறிலுக்கும் நெடிலுக்கும் அங்கு வேறுபாடு இல்லை. இயந்திரக் காலத்தில் சரியாக அமைந்த கணக்கு, கணினிக் காலத்தில் பிறழ்ந்துள்ளது.

இப்பிறழ்ச்சிக்கு ஒருங்குறியின் வகைப்பாட்டை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. ஒரு குறி எழுத்தின் மேல் அமருமா, பக்கத்தில் நிற்குமா என்பதைப் பொதுநிலையில் சுட்டுவதே அவ்வகைப்பாட்டின் நோக்கம். அதனை முனையத்தின் அகல விதியாக எடுத்துக்கொண்டதே பிழையின் பிறப்பிடம்.

6. முரணால் விளையும் பிழைகள்

6.1 அழித்தலில் நேரும் பிழை

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில், தட்டச்சிடப்படும் வரியைத் திருத்தும் பகுதி ஒன்று உள்ளது. நிரல்கள் தாமே திருத்தும் வசதியைக் கொண்டிராதபோது, பின்னழிப்பு விசையை இப்பகுதியே கையாளும். இதற்கு 'ஐயூடிஎஃப்8' என்னும் அமைவு உண்டு. அது அணைந்திருந்தால் ஓர் அழிப்பிற்கு ஒரு பைட்டு மட்டுமே நீங்கும். 'வ' என்னும் ஓரெழுத்தை நீக்க மூன்று முறை அழுத்த வேண்டும்; ஒருமுறை அழுத்தி நிறுத்தினால் பொருளற்ற இரண்டு பைட்டுகள் எஞ்சும்.

அவ்வமைவு இயங்கும் நிலையில் ஓர் அழிப்பிற்கு ஒரு குறியெண் நீங்கும். திரையிலும் ஒரு கட்டம் துடைக்கப்படும். குறியெண்ணுக்கு ஒரு கட்டம் என்பது இதன் உட்கிடை. ஒருவர் 'வீ' எனத் தட்டச்சிட்டு ஒருமுறை அழிப்பதாகக் கொள்ளலாம். நினைவகத்திலிருந்து ஈகாரக் குறி மட்டும் நீங்குகிறது, 'வ' எஞ்சியுள்ளது. திரையிலோ 'வீ' ஒரே கட்டத்தில் இருந்தமையால் எழுத்து முழுவதும் மறைந்துவிடுகிறது. எழுத்து அழிந்துவிட்டதென எண்ணி அவர் மீண்டும் முழுப்பெயரையும் தட்டச்சிட்டால், திரை 'வீரபாண்டி' என்று காட்டும்; பதிவேட்டில் 'வவீரபாண்டி' என்று பதியும். கண்முன் உள்ளதும் கணினி கொண்டதும் வேறாகும் இந்நிலையில், தட்டச்சிட்டவர் பிழையை உணர வழியே இல்லை. பின்னாளில் அப்பெயரைத் தேடுவோருக்கு அப்பதிவு அகப்படாது.

பாஷ் போன்ற கட்டளை ஏற்பிகள் தமக்கெனத் தனி வரித்திருத்தியைக் கொண்டுள்ளன. அது சுழிய அகலக் குறிகளை அவற்றின் தாங்கெழுத்தோடு சேர்த்து அழிக்கும். ஆகவே மேற்கண்ட பிழை அங்கு நேர்வதில்லை. எனினும் 'வீ' ஒரே அழுத்தத்தில் நீங்க, 'டி' நீங்க இரண்டு அழுத்தங்கள் வேண்டியிருக்கும். ஐந்தெழுத்துப் பெயரை நீக்க ஏழு அழுத்தங்கள் தேவைப்படும்.

6.2 வெட்டுதலில் நேரும் பிழை

சி மொழியின் 'பிரிண்ட்எஃப்' செயற்கூறு, சொல்லின் நீளத்தைப் பைட்டுகளில் அளக்கிறது. இருபது இடங்களுக்குள் பெயரை அடக்குமாறு பணித்தால், போடிநாயக்கனூர் 'போடிநா' என்ற அளவோடு நின்று, அதன்பின் யகரத்தின் இரண்டு பைட்டுகள் உருவமற்ற குறியாய்த் தொங்கும். குறியெண்ணை அலகாகக் கொண்டு வெட்டினாலும் சிக்கல் தீர்வதில்லை. ஐந்து குறியெண்ணில் வெட்டப்பட்ட கம்பம், புள்ளியிழந்து 'கம்பம' என்றாகும். மூன்றில் வெட்டப்பட்ட தேனி, 'தேன' என்றாகும். எழுத்தை அலகாகக் கொண்டு வெட்டினால் மட்டுமே, குறைந்த சொல்லும் தமிழ் எழுத்துகளால் ஆன சொல்லாக நிற்கும்.

6.3 வடிவ இரட்டிப்பால் நேரும் பிழை

ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் இணையானவை என்கிறது. முதல்வகையில் போடிநாயக்கனூர் 14 குறியெண்ணும் 12 கட்டமும், இரண்டாம் வகையில் 15 குறியெண்ணும் 13 கட்டமும் பெறும். பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தேடல் கருவிகள் இவற்றை இருவேறு ஊர்களாகக் கருதும். பதியும் முன்பே இணைந்த வடிவத்திற்கு இயல்பாக்கம் செய்தல் இன்றியமையாதது.

7. முனையத்தைத் தமிழுக்கு அமைவு செய்தல்

மேற்கண்டவற்றைக் கருத்திற்கொண்டு, லினக்ஸ் இயங்குதளத்தில் முனையத்தைத் தமிழுக்கு ஏற்ப அமைக்கும் முறையைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

முதற்படி, வட்டார அமைவு. இயங்குதளத்தில் இந்தியத் தமிழுக்குரிய வட்டார அமைவு யூடிஎஃப்-8 குறியேற்றத்துடன் நிறுவப்பட வேண்டும். பட்டியல்கள் ஆங்கிலத்திலேயே இருக்க விரும்புவோர், எழுத்துவகையைக் குறிக்கும் 'எல்சி சிடைப்' மாறியை மட்டும் யூடிஎஃப்-8 வகைக்கு மாற்றினால் போதும். இது தவறினால் இயங்குதளம் 'சி' என்னும் பழைய அமைவுக்குத் திரும்பும். தேனி எனப் பெயரிட்ட கோப்பு, பட்டியலில் 340, 256, 244 எனத் தொடங்கும் எண்ம எண்களின் வரிசையாகத் தோன்றும். அவ்வெண்கள் தகரத்தின் மூன்று பைட்டுகளே. கோப்பு கெட்டுவிடவில்லை, காட்சி மட்டுமே தவறியுள்ளது என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

இரண்டாம் படி, வரியமைவு. 'எஸ்டிடிஒய்' கட்டளையால் முனையத்தின் நடப்பு அமைவுகளைக் காணலாம். அப்பட்டியலில் 'ஐயூடிஎஃப்8' என்பதன் முன் கழித்தற்குறி இருந்தால் அது அணைந்துள்ளது என்பது பொருள். அதே கட்டளையால் இயக்க வேண்டும். வரைகலை முனையங்கள் இதனைத் தாமே இயக்கிவிடுவது வழக்கம். தொடர்வடம் வழியாக இணைக்கப்பெறும் முனையங்களில் தனியே சரிபார்க்க வேண்டும்.

மூன்றாம் படி, முனைய வகை. 'டெர்ம்' மாறியின் மதிப்பு, பயன்படுத்தப்படும் முனையத்தின் உண்மையான வகையாக இருத்தல் வேண்டும். தொலைவிலுள்ள வழங்கியில் அப்பெயருக்குரிய டெர்ம்இன்ஃபோ பதிவு இல்லையெனில் இடங்காட்டி நிலைமாறும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இதனைத் தமிழின் குறையெனக் கருதிவிடுதல் பொதுவான பிழை.

நான்காம் படி, வடிவமைப்பு. வரைகலைச் சூழலின்றி இயங்கும் லினக்ஸ் கட்டுப்பாட்டுத் திரை, அதிக அளவாக 512 உருவங்களை மட்டுமே ஏற்கும். 247 எழுத்துகள் எண்ணிக்கையளவில் அதற்குள் அடங்கினும், பல குறியெண்களை இணைத்து ஓருருவாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. கொம்பை இடம் மாற்றி வரையவும் இயலாது. ஆதலின் தமிழுக்கு வரைகலைச் சூழலில் இயங்கும் முனைய மென்பொருளே தக்கது. இந்திய மொழி எழுத்துகளை இணைத்துக் காட்டுவதற்கெனவே ஆதரவு கொண்ட எம்எல்டெர்ம் போன்றவை இவ்வகையில் பயன்படும்.

ஐந்தாம் படி, உள்ளீடு. தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய் இருமுறை அழுத்தப்பட்டால் முன்னதற்குப் புள்ளி தானே இடப்படும். கம்பத்தின் மகரத்திற்கும் உத்தமபாளையத்தின் தகரத்திற்கும் இத்தகைய சூழல் அறிவு தேவை. விசைக்கு ஓர் எண் என்னும் எளிய விசைவரைவால் அதனை நிறைவேற்ற முடியாது. உள்ளீட்டு மென்பொருள் ஒன்றை நிறுவுதல் வேண்டும்.

ஆறாம் படி, சோதனை. அட்டவணையிலுள்ள ஊர்ப்பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு செங்குத்துக் கோடு இட்டு, கோடு பெயரைத் தொட்டு நிற்கிறதா, பெயரின்மேல் ஏறுகிறதா, விலகுகிறதா என நோக்க வேண்டும். பின்னர் இடங்காட்டியைப் பெயரின் நடுவே கொண்டுசென்று ஓரெழுத்தைச் சேர்த்தும் நீக்கியும் காண வேண்டும். வீரபாண்டி இச்சோதனையில் தேறினால் பெரும்பாலான பெயர்கள் தேறும்.

இப்படிகளுள் எதிலும் கூறப்படாத ஒன்று உண்டு, அதுவே தலையாயது. நிரலும் முனையமும் ஒரே அகல அட்டவணையைப் பின்பற்ற வேண்டும். தொலைவழங்கியின் நூலகம் 'டி'க்கு இரண்டு கட்டமும், மேசையிலுள்ள முனையம் ஒரு கட்டமும் கொண்டால், இடங்காட்டி இருக்கும் இடம் குறித்து இரண்டும் முரண்படும். இரண்டும் ஒரே பிழையான கணக்கில் ஒத்திருப்பதினும் இம்முரண் கொடியது.

8. தீர்வை நோக்கி

முனையத்தில் தமிழ் குறித்து இரண்டு வினாக்கள் பிரித்தறியப்பட வேண்டும். ஒன்று அலகு பற்றியது. மற்றொன்று அகலம் பற்றியது.

அலகு பற்றிய வினாவிற்கு ஐயத்திற்கிடமில்லாத விடை உண்டு. ஒருங்குறித் தரம், பயனர் ஓரெழுத்தாக உணரும் குறியெண் தொகுதியை வரையறுத்துள்ளது. தாங்கெழுத்தும் அதனைத் தொடரும் குறிகளும் சேர்ந்த அத்தொகுதி, நெடுங்கணக்கின் 247 எழுத்துகளோடும் அப்படியே பொருந்துகிறது. மெய்யும் உயிர்மெய்யும் எனத் தமிழிலக்கணம் கண்ட பகுப்பும், கணினித் தரம் கண்ட பகுப்பும் இங்கு ஒன்றுபடுகின்றன. வடமொழி வழி வந்த 'க்ஷ' இரு தொகுதிகளாகப் பிரியும். அதற்குத் தனிவிதி தேவை. இடங்காட்டி நகர்வு, அழித்தல், வெட்டுதல் ஆகிய மூன்றும் இவ்வலகையே பின்பற்ற வேண்டும்.

அகலம் பற்றிய வினாவிற்கு மூன்று விடைகள் சாத்தியம். எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது முதல் விடை. அண்மைக்கால நூலகங்கள் சில உயிர்க்குறிகள் அனைத்திற்கும் சுழியம் தந்து இதனை நெருங்குகின்றன. கணக்கு எளிதாயினும் 'போ', 'ளை' போன்ற எழுத்துகள் நெருங்கிக் குலையும். எழுத்துக்கு இரண்டு கட்டம் என்பது இரண்டாம் விடை. சீன, சப்பானிய எழுத்துகளுக்கு இது நிலைபெற்றுள்ளது. தமிழில் கம்பம் எட்டுக் கட்டங்களில் இடைவெளி விட்டு நிற்கும். போடிநாயக்கனூர் 16 கட்டங்களை அடைக்கும். தட்டச்சுப்பொறி மரபின்படி புள்ளி, இகர, ஈகாரக் குறிகளுக்குச் சுழியமும் ஏனைய குறிகளுக்கு ஒன்றும் தருதல் மூன்றாம் விடை. இதன்படி தேனி 3, வீரபாண்டி 6, போடிநாயக்கனூர் 11 கட்டங்கள் பெறும். இப்போதைய அட்டவணையில் ஒரே ஒரு பதிவை மாற்றினால் இது கைகூடும்; குறில் நெடில் முரணும் நீங்கும். டகர இகரத்திற்கு மட்டும் எழுத்துரு நிலையில் தனிக்கவனம் வேண்டும். தட்டச்சுப்பொறியும் 'டி'க்குத் தனி விசை வைத்தே இதனைத் தீர்த்தது.

மூன்றாம் விடையே வரலாற்று அடிப்படையும் குறைந்த மாற்றமும் உடையது. எனினும் அது நூலகத்திலும் முனையத்திலும் ஒருசேரச் செய்யப்பட வேண்டிய மாற்றம். ஒரு பக்கம் மட்டும் செய்தால் முன்னினும் கேடு மிகும்.

9. முடிவுரை

தமிழ் முனையத்தின் சிக்கல் எழுத்துருப் பற்றாக்குறையால் விளைவதன்று. எழுத்து, குறியெண், பைட்டு, கட்டம் ஆகிய நான்கையும் ஒன்றெனக் கொண்ட பழைய கணக்கால் விளைவதே என்னும் கருதுகோள் ஊர்ப்பெயர்களின் வழி உறுதியாகிறது. ஒன்பது பெயர்களில் 49 எழுத்துகள் 82 குறியெண்களாகவும் 246 பைட்டுகளாகவும் 68 கட்டங்களாகவும் விரிந்தமை அதற்குச் சான்று.

குறிலுக்கு இரண்டும் நெடிலுக்கு ஒன்றும் தரும் அட்டவணையை எழுதியோர் தமிழ் அறியாதவர்கள். தமிழ் அறிந்தோர் அவ்வட்டவணையை நோக்காதவர்கள். இவ்விடைவெளியை நிரப்பும் தகுதி தமிழ்த்துறைகளுக்கு உண்டு. எழுத்ததிகாரம் பயிற்றும் வகுப்பறையில், மாணவர் தத்தம் ஊர்ப்பெயரை முனையத்தில் எழுதி இந்நான்கு அளவுகளையும் கணக்கிடும் பயிற்சியைச் சேர்க்கலாம். அதன்வழித் திரட்டப்படும் சான்றுகள், அகல அட்டவணையைத் திருத்துமாறு நூலக உருவாக்குநரிடம் முன்வைக்கும் கோரிக்கைக்கு அடித்தளமாகும். வீரபாண்டியில் பிறந்த ஒருவரின் ஊர்ப்பெயர் பதிவேட்டில் பிழையின்றி நிற்பது, எழுத்து எது என்பதைக் கணினிக்குத் தமிழ் எடுத்துரைப்பதைப் பொறுத்தே அமையும்.